குழலில் ஒரு துளை: மேட்டிலா, பள்ளத்திலா?

காவலுக்கு நிற்கும் ஆயுதப்படைக் காவலர் தோளில் தொங்கும் எஸ்.எல்.ஆர். என்ற, தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியைக் கவனித்தால், குழலுக்கு மேலே அதற்கு இணையாக இன்னொரு மெல்லிய குழாய் ஓடுவது தெரியும். குறிபார்க்க உதவும் முன்முனையான ஃபோர்சைட்டைத் தாங்கும் கட்டைக்குள் இரண்டும் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பில், குழலின் சுவரைத் துளைத்துக்கொண்டு சில மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு துளை இருக்கிறது. துப்பாக்கி தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்வதற்கான சக்தி முழுவதும் அந்தத் துளை வழியாகப் பாயும் வெடிமருந்து வாயுவிலிருந்துதான் வருகிறது. என்.சி.சி. மாணவர்கள் சுட்டுப் பழகும் .22 ரைஃபிளில் இது கிடையாது. அங்கே தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டை இழுப்பதும் தள்ளுவதும் கைவேலை.

துப்பாக்கி இயந்திரவியலில் ஆர்வம் உள்ளவர்களிடையே ஒரு கேள்வி அடிக்கடி எழும். குழலுக்குள், குண்டைச் சுழலவைக்கும் திருகு வரிகளான ரைஃப்ளிங் சுழன்று ஓடுகிறது. பள்ளம், மேடு, பள்ளம், மேடு என்று மாறி மாறி வருகிறது. வாயுத் துளை மேட்டில் விழுந்தால் குண்டு உரசிக் கெடுமா? பள்ளத்தில் விழும்படி பார்த்துத் துளைக்க வேண்டுமா? பலரும் நினைக்கும் அளவுக்கு இது பெரிய விஷயம் இல்லை. துளை குழலின் நீளத்தில் எங்கே இருக்கிறது என்பதும், அதன் உள்விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்பதுமே துப்பாக்கியின் நடத்தையைத் தீர்மானிக்கின்றன. ஆனாலும் கேள்வியை ஒரு வரியில் ஒதுக்கிவிட முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் சுவையான சில உண்மைகள் வெளியே வரும்.

முதலில் நீளம். சுட்டவுடன் வெடிமருந்து எரிந்து, தோட்டா அறையில் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ 4,000 மடங்கு வரை ஏறுகிறது. குண்டு முன்னே நகர நகர வாயுவுக்கு இடம் கூடுவதால் அழுத்தம் வேகமாக இறங்குகிறது. குண்டு துளையைத் தாண்டியதும் வாயு துளைக்குள் புகத் தொடங்கும். குண்டு குழல் வாயை விட்டு வெளியேறும் வரை அந்தப் பாய்ச்சல் நீடிக்கும். வெளியேறிய மறுகணம் குழலே காலியாகிவிடுவதால் துளைக்கும் அழுத்தம் போய்விடும். ஆகவே இரண்டு அளவுகள் முக்கியம். துளை இருக்கும் இடத்தில் அழுத்தம் எவ்வளவு என்பது ஒன்று. துளையிலிருந்து குழல் வாய் வரை குண்டு ஓட எவ்வளவு நேரம் ஆகிறது என்பது மற்றொன்று. வாயுவால் தள்ளப்பட்டுப் போல்ட்டைப் பின்னே நகர்த்தும் பிஸ்டனுக்குக் கிடைக்கும் தள்ளல் இந்த இரண்டின் பெருக்கல்.

அமெரிக்காவின் எம்-16, எம்-4 இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இது தெளிவாகும். எம்-16 குழல் 20 அங்குலம், அதாவது சுமார் 51 செ.மீ. துளை பின்முனையிலிருந்து ஏறக்குறைய 33 செ.மீ. தள்ளி இருக்கிறது. எம்-4 குழல் 14.5 அங்குலம், சுமார் 37 செ.மீ. துளை ஏறக்குறைய 20 செ.மீ.-யிலேயே வந்துவிடுகிறது. இரண்டிலும் துளைக்கு முன்னால் மிச்சமிருப்பது 17 முதல் 18 செ.மீ. தான். நொடிக்கு 850 மீட்டர் வேகத்தில் குண்டு அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு நொடியின் ஐயாயிரத்தில் ஒரு பங்கு ஆகும். நேரம் ஏறத்தாழ ஒன்று, அழுத்தம்தான் வேறு. எம்-4 துளை அறைக்கு அருகே இருப்பதால் அங்கே வாயு இன்னும் கடும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் இருக்கிறது. அதைச் சமன் செய்யவே எம்-16 துளை சுமார் 2.4 மி.மீ. என்றால் எம்-4 துளை சுமார் 1.6 மி.மீ. என்று சுருக்கப்பட்டது. பரப்பளவில் பார்த்தால் பாதிக்கும் குறைவு.

சுருக்கினால் எல்லாம் சரியாகிவிடாது. வாயுவின் அளவை மட்டுமே சின்னத் துளையால் கட்டுப்படுத்த முடியும். வாயு எப்போது வந்து சேர்கிறது என்பதை அதனால் தள்ளிப்போட முடியாது. துளை அறைக்கு நெருங்க நெருங்க போல்ட் சீக்கிரமே திறக்க முற்படும். அந்த நேரத்தில் பித்தளைத் தோட்டாக் கூடு இன்னும் அறைச் சுவரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். கூட்டை இழுக்கும் கொக்கி விளிம்பைப் பிடித்து வலிக்க, விளிம்பு வளையும், சில சமயம் பிய்ந்தே போகும், கூடு அறையிலேயே தங்கிவிடும். கொக்கியின் ஸ்பிரிங் சீக்கிரம் சோர்ந்துபோவதும், போல்ட்டின் பூட்டுப் பற்களில் விரிசல் விழுவதும் இதே காரணத்தால்தான். வாயு குறைந்துபோனால் வரும் சிக்கல் வேறு மாதிரி. போல்ட் முழுதாகப் பின்னே போகாது. வெளியேற வேண்டிய கூடு திறப்பில் மாட்டி நிற்கும், அல்லது கூடு வெளியேறிவிட்டாலும் அடுத்த தோட்டா ஏறாது. சுடுபவர் கையில் முதலாவது முரட்டு உதைப்பாகத் தெரியும், இரண்டாவது சோம்பலாகத் தெரியும். எந்தப் பக்கம் தவறு என்பதைக் கூடுகள் தெறிக்கும் தூரமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

துளை குழல் வாய்க்கு மிக அருகே இருந்தாலும் தொல்லைதான். அமெரிக்காவின் எம்-1 கேரண்டில் 24 அங்குலக் குழலின் வாய்க்கு ஒன்றரை அங்குலம் பின்னால் துளை. அங்கே அழுத்தம் குறைவு, வாயு ஓரளவு ஆறியிருக்கும், வாயுப் பாகங்களில் தேய்மானம் குறைவு. ஆனால் அந்த வடிவமைப்பு ஒரு குறிப்பிட்ட எரிவேகம் உள்ள மருந்தை நம்பியது. மெதுவாக எரியும் மருந்தும் கனத்த குண்டும் சேர்ந்தால், உச்ச அழுத்தம் வரம்புக்குள் இருந்தும்கூட, குண்டு வாயை நெருங்கும்போது அழுத்தம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக நிற்கும். நீண்டு வளைந்த இயக்கத் தண்டு அந்தத் தள்ளலைத் தாங்காமல் கோணிப்போகும். இன்றைக்கும் பழைய கேரண்ட் வைத்திருப்போர் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் கவனத்துக்கு இதுவே காரணம்.

மருந்து மாறினால் துளையின் பொருளே மாறிவிடும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வியட்நாமில் கிடைத்தது. எம்-16 வடிவமைக்கப்பட்டபோது குச்சி வடிவிலான ஐ.எம்.ஆர். 4475 மருந்துக்கு ஏற்பத் துளை அமைந்தது. 1964-இல் உருண்டை வடிவிலான டபிள்யூ.சி. 846 மருந்துக்கு மாறினார்கள். உச்ச அழுத்தம், குண்டின் வேகம் எல்லாம் ஏட்டளவில் பொருந்தின. துளையருகே அழுத்தம் கூடியதால் துப்பாக்கி வடிவமைத்ததைவிட வேகமாக இயங்கியது, அழுக்கும் கூடியது. போதாக்குறைக்கு அறைக்குக் குரோமியம் முலாமும் இல்லை, வீரர்களுக்குத் துடைக்கும் பயிற்சியும் இல்லை. களத்தில் துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டன. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு இதை விசாரித்தது. துளையின் இடமும் அளவும் அப்படியே இருந்தன. மாறியது மருந்து மட்டும்.

குழலில் துளையிடுவதையே ஒரு காலத்தில் பாவம்போல் பார்த்தார்கள் என்பது இன்று வியப்பாக இருக்கும். கேரண்டின் முதல் வடிவத்தில் குழலில் துளையே இல்லை. குழல் வாய்க்கு முன்னால் ஒரு மூடி பொருத்தி, வெளியே பீறிடும் வாயுவைப் பிடித்துப் பிஸ்டனைத் தள்ளினார்கள். அந்த அமைப்பில் சுமார் 50,000 துப்பாக்கிகள் செய்த பிறகே, 1940-ஐ ஒட்டி, துளைக்கு மாறினார்கள். ஜெர்மானியர்கள் இன்னும் பிடிவாதமாக இருந்தார்கள். 1940-இல் கேட்கப்பட்ட புதிய துப்பாக்கிக்கான நிபந்தனைகளில் ஒன்றே, வாயுவுக்காகக் குழலைத் துளைக்கக் கூடாது என்பதுதான். விளைவாக வந்த ஜி-41 முன்பாரமாக, அழுக்கேறும் பிண்டமாக இருந்தது. சோவியத்தின் எஸ்.வி.டி.-40 கைக்கு வந்து, துளையிட்ட குழல் எந்தக் குறையும் இன்றிச் சுடுவதைப் பார்த்த பிறகு ஜி-43-இல் துளையிட்டார்கள். துளை குண்டின் போக்கைக் கெடுக்கும், குழலை அரிக்கும் என்ற பயம் முழுப்பொய் அல்ல. ஆனால் அது அளவுக்கு மீறியது.

புதுச்சேரியில் இந்த வரலாற்றுக்கு ஒரு பிரெஞ்சுக் கிளையும் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் 'சொல்தா' குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களில் மூத்த தலைமுறை கையாண்ட எம்.ஏ.எஸ். 49/56 துப்பாக்கியில் பிஸ்டனே கிடையாது. துளையிலிருந்து வரும் வாயு ஒரு மெல்லிய குழாய் வழியாக நேராகப் பின்னே வந்து, போல்ட்டைச் சுமக்கும் போல்ட் கேரியரின் முகத்தில் அறையும். வாயுவை நேரடியாகப் பாய்ச்சும் இந்த முறையை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரெஞ்சுக்காரர்கள் சோதித்துப் பார்த்திருந்தார்கள். அடுத்த தலைமுறை கையாண்ட ஃபமாஸில் வாயுத் துளையே இல்லை. ஒரு நெம்புகோல் போல்ட்டைத் தாமதப்படுத்துகிறது. அறைச் சுவரில் வெட்டிய நீண்ட கோடுகளில் வாயு புகுந்து கூட்டைத் தளர்த்துகிறது. துளையைத் தவிர்த்தால் அழுக்கும் வெப்பமும் வேறொரு வழியில் உள்ளே வரும் என்பதற்கு ஃபமாஸின் கரி படிந்த கூடுகளே சாட்சி. 2017 முதல் பிரான்ஸ் எடுத்துக்கொண்ட எச்.கே. 416-இல் மறுபடியும் துளை, மறுபடியும் பிஸ்டன்.

இனி மேடும் பள்ளமும். எம்-16 வகைக் குழலின் உள்விட்டம் மேடுகளுக்கிடையே சுமார் 5.56 மி.மீ. சுற்றளவு 17.5 மி.மீ. ஆறு பள்ளம், ஆறு மேடு என்றால் ஒரு பள்ளமும் ஒரு மேடும் சேர்ந்த இணைக்குக் கிடைப்பது 2.9 மி.மீ. மட்டுமே. துளையோ 2.4 மி.மீ. பள்ளம் இணையில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டால் அதன் அகலம் 1.9 மி.மீ. அதற்குள் 2.4 மி.மீ. துளை எப்படியும் அடங்காது. எங்கே துளைத்தாலும் ஒரு மேட்டின் ஓரத்தையாவது கடிக்கும். ஆக, எம்-16-ஐப் பொறுத்தவரை 'மேட்டிலா பள்ளத்திலா' என்ற கேள்விக்கே இடமில்லை. எம்-4-இன் 1.6 மி.மீ. துளை பள்ளத்துக்குள் மட்டும் அடங்கலாம். அதற்குத் துளையின் மையம் 2.9 மி.மீ.-யில் 0.3 மி.மீ. இடைவெளிக்குள் விழ வேண்டும். பார்க்காமல் துளைத்தால் ஏறத்தாழ ஒன்பது குழலில் ஒன்றில்தான் அப்படி அமையும்.

தொழிற்சாலைகளில் பெரும்பாலும் பார்க்காமல்தான் துளைக்கிறார்கள். குழல் தண்டு முதலில் முழு நீளத்துக்கு ரைஃப்ளிங் செய்யப்படுகிறது. பிறகு வெட்டி, அறை குடைந்து, பின்முனைப் பாகத்தைத் திருகிப் பொருத்துகிறார்கள். மேலே எது, கீழே எது என்று தீர்மானமாவது அந்தக் கட்டத்தில்தான். உள்ளே சுழலும் பள்ளம் அந்த இடத்தில் எந்தத் திசையில் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் கணக்கு எளிதல்ல. 7 அங்குலத்தில் ஒரு சுற்று சுழலும் ஆறு பள்ளக் குழலில், குழல் நெடுகிலும் 15 மி.மீ. நகர்ந்தாலே பள்ளத்தின் நடுவிலிருந்து மேட்டின் நடுவுக்கு வந்துவிடுவோம். 305 மி.மீ.-க்கு ஒரு சுற்று சுழலும் எஸ்.எல்.ஆர். குழலில் அதே மாற்றத்துக்கு 25 மி.மீ. ஆகும். நான்கு பள்ளமும் 240 மி.மீ. சுற்றும் கொண்ட ஏ.கே. குழலில் 30 மி.மீ. துளையின் இடம் வாயுக் கணக்கால் நிலைநிறுத்தப்பட்டுவிட்டதால், பள்ளத்தைத் துளைக்கு நேராகக் கொண்டுவர ஒரே வழி, பின்முனைப் பாகத்தைப் பொருத்துமுன் குழலையே வேண்டிய கோணத்துக்குத் திருப்பி வைப்பது. போட்டிகளுக்கான குழல் செய்யும் சிலர் அந்தச் சிரமத்தை மேற்கொள்கிறார்கள். ராணுவத்துக்கு லட்சக்கணக்கில் செய்யும் இடத்தில் அந்தச் செலவுக்கு ஈடான பலன் கிடையாது.

பள்ளம் நல்லது என்று சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. குண்டின் செப்புக் கலவை உறையில் மேடு அழுத்திக் கோடு போடுகிறது. குண்டைச் சுழற்றும் விசை மேட்டின் ஒரு பக்கச் சுவரில் மட்டுமே விழுகிறது. துளை அந்தச் சுமை தாங்கும் சுவரை அறுத்துவிட்டால், குண்டில் விழுந்த கோடு துளையைத் தாண்டியதும் மறுபடியும் மேட்டில் ஏற வேண்டும். ஏறும் இடத்தில் விளிம்பு கூராக இருந்தால் செம்பு சீவப்படும். அதோடு, துளைக்குள் திரும்பும் வாயு குழல் வாய்ப் பக்கத்து விளிம்பில்தான் மோதுகிறது. அங்கே எழும்பி நிற்கும் மேடு பள்ளத்தைவிடச் சீக்கிரம் கரையும். இவ்வளவும் உண்மை. ஆனால் 7.62 மி.மீ. குழலில் மேட்டின் உயரமே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஆறு மேடுகளில் ஒன்றில் ஒரு சிறு இடைவெளி. மற்ற ஐந்தும் குண்டைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. குண்டு அந்த இடத்தைக் கடப்பது நொடியின் லட்சத்தில் சில பங்கு நேரத்தில். ராணுவத் தோட்டாவின் இயல்பான சிதறலுக்குள் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும்.

காணாமல் போகாதது பிசிறு. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் வைத்திருக்கும் எவரும் சொல்வார்கள்: வெளியிலிருந்து உள்ளே துளைத்தால் டிரில் வெளியேறும் முகத்தில் பிசிறு நிற்கும். குழலில் அந்த முகம் என்பது ரைஃப்ளிங் இருக்கும் உட்சுவர். சாதாரண இரும்புக் குழாயானால் அரம் விட்டுத் தேய்த்துவிடலாம். இங்கே அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் முடித்த பரப்பு. கருவி நுழைய அரை விரல்கூடப் போகாத துவாரம். எஞ்சிய பிசிறு ஒவ்வொரு குண்டிலிருந்தும் செம்பைச் சீவும். துளைக்கு முன்னால் குழல் வாயை நோக்கி நீளும் ஒரு செம்புக் கோடு, குழலுக்குள் பார்க்க உதவும் போர்ஸ்கோப்பில் பார்க்கும் எவர் கண்ணிலும் படும். சமமில்லாமல் சீவப்பட்ட குண்டு சமமில்லாமல் சுழலும், குறி சிதறும். பிசிறு மேட்டின் சுமைச் சுவரில் இருந்தால் அதன் விளைவு கூடுதல். 'மேட்டில் துளை விழுந்ததால் குறி தவறுகிறது' என்று குற்றம் சாட்டப்படும் குழல்களில் பலவற்றின் உண்மைக் குற்றவாளி இதுதான். நல்ல தொழிற்சாலையில் துளைத்த பிறகு குழலின் உட்புறத்தை மெருகேற்றும் கட்டம் தனியாக உண்டு. பிசிறு கொஞ்சம் மிஞ்சினாலும் முதல் சில நூறு சுடுதலில் வாயுவும் குண்டும் சேர்ந்து அதை மழுக்கிவிடும்.

குரோமியம் முலாம் இதில் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. முலாம் பூசிய பிறகு துளைத்தால் விளிம்பில் முலாம் செதிலாகப் பெயர வாய்ப்பு உண்டு. பெயர்ந்த இடத்தில் வாயு அடி உலோகத்தைத் தின்னத் தொடங்கும். துளைத்துவிட்டுப் பூசினால் விளிம்பும் காக்கப்படும். ஆனால் முலாமின் தடிப்பு துளையைச் சுருக்கும் என்பதால் அதை முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும்.

கோணமும் சேர்ந்துகொள்ளும். ஏ.கே.எம்.-இல் துளை குழலுக்குச் சாய்வாகப் போகிறது. சாய்வுத் துளையின் உள்வாய் நீள்வட்டமாக விரியும், ஒரு விளிம்பு கத்திபோல் மெலியும். மெல்லிய உறையும் அதிக வேகமும் கொண்ட 5.45 மி.மீ. குண்டு ஏ.கே.-74-இல் வந்தபோது குண்டு சீவப்படும் சிக்கல் தலைதூக்கியது. தொடக்க ஆண்டுகளுக்குப் பிறகு துளையைக் குழலுக்குச் செங்குத்தாக மாற்றிவிட்டார்கள். ரைஃப்ளிங்கைப் பொறுத்துத் துளையைத் திருப்பவில்லை, கோணத்தை மட்டும் நிமிர்த்தினார்கள். சோவியத் பொறியாளர்கள் எதை முக்கியம் என்று கருதினார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

இந்தியக் கைகளில் உள்ள துப்பாக்கிகளுக்கு வருவோம். எஸ்.எல்.ஆர். பெல்ஜியத்தின் ஃபால் துப்பாக்கிக் குடும்பம். 1966-இல் தொடங்கிய திருச்சி படைக்கலத் தொழிற்சாலை செய்து தந்தவற்றில் அதுவும் ஒன்று. அதன் புத்திசாலித்தனம் துளையில் இல்லை, அதற்கு மேலே உள்ள, வாயுவின் அளவைச் சரிசெய்யும் ரெகுலேட்டரில். துளையைத் தாராளமாக வைத்துவிட்டு, மிஞ்சும் வாயுவை வெளியே விட்டுவிடுகிறது. ரெகுலேட்டரை மூட மூடப் பிஸ்டனுக்குப் போகும் வாயு கூடும். சரிசெய்யும்போது முதலில் நன்றாகத் திறந்து வைத்து, ஒவ்வொரு தோட்டாவாகச் சுட்டு, கூடு ஒழுங்காக வெளியேறி அடுத்தது ஏறும் வரை ஒவ்வொரு கிளிக்காக மூடுவார்கள். பிறகு மணல், கரி, குளிர் ஆகியவற்றுக்காக ஓரிரு கிளிக் கூடுதல். அவசரத்தில் முழுதாக மூடிவிட்டு 'நன்றாக ஓடுகிறது' என்று விடுவது சோம்பேறித்தனம். உதைப்பு கூடும், பாகங்கள் அடிபடும். இன்சாஸில் பிஸ்டன் ஏ.கே. பாணியில் போல்ட் கேரியரோடு சேர்ந்தே ஓடினாலும், வாயுவைக் கையால் சரிசெய்யும் ரெகுலேட்டர் உண்டு. இவையெல்லாம் படைகளின் ஆயுதங்கள். உரிமமின்றி ஆயுதம் செய்வதும் மாற்றுவதும் 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதால், இங்கே சொல்வது புரிதலுக்கு மட்டும்.

கடலூர், புதுச்சேரிக் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். துளையைச் சுற்றிப் படியும் கரி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதன் அடியில் துரு பிடிக்கும். இதற்குப் பயந்து பிஸ்டனிலும் வாயு உருளையிலும் எண்ணெயை அள்ளிப் பூசுவது வழக்கமான தவறு. சூடான வாயு எண்ணெயைக் கருக்கி, கல்லுபோன்ற கரியாக்கிவிடும். சுடுமுன் அந்தப் பாகங்கள் உலர்ந்திருக்க வேண்டும்; நீண்ட நாள் கிடங்கில் வைக்கும்போது மட்டும் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு போதும். குழலைத் துடைக்கும் துணி துளையின் மேலே போகும்போது நூல் பிய்ந்து உள்ளே சிக்குவது உண்டு. அதனால் துடைத்து முடித்த பின் வாயு உருளையையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

துளையில் கரி தெரிகிறது என்று எஃகுக் கம்பியையோ டிரில்லையோ விட்டுக் குடைவது எல்லாவற்றிலும் மோசமானது. கரி பெரும்பாலும் தானாகவே ஓர் அளவோடு நிற்கும், வாயுவின் வேகமே மிச்சத்தை ஊதித் தள்ளும். குடைந்தால் விட்டம் கூடும், கூடிய விட்டம் திரும்பச் சுருங்காது. ரெகுலேட்டர் இல்லாத துப்பாக்கியில் அதன் பொருள், இனி ஒவ்வொரு சுடுதலும் கூடுதல் உதைப்போடு என்பதுதான். தேய்மானத்தை அறிய, அளவு குறித்த ஊசிகளை ஒவ்வொன்றாகத் துளையில் விட்டுப் பார்ப்பார்கள். நுழையக் கூடாத ஊசி தடையில்லாமல் நுழைந்தால் துளை அரிக்கப்பட்டுவிட்டது என்று பொருள், குழலை மாற்ற வேண்டியதுதான்.